நான்காவது கையெழுத்து

போன மாதம் இங்கே விழுப்புரத்தில், எங்கள் தெருவுக்குப் பக்கத்து நூலகத்தில் உறுப்பினர்களுக்கெல்லாம் ஒரு தாள் கொடுத்தார்கள். தற்போது படித்துக்கொண்டிருக்கும் நூல், பிடித்த எழுத்தாளர், பிடித்த வகை என்று மூன்று கட்டங்கள். நான் படிவம் நிரப்புவதில் பெயர் வாங்கியவன். எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. பொருந்தாத இடத்தில் ‘பொருந்தாது’ என்று எழுதி அதன் கீழே கோடும் போடுவேன். அன்று இரண்டு கட்டங்களை நிரப்பிவிட்டு மூன்றாவதில் நின்றுவிட்டேன்.

“இன்னா சார், பரீட்சையா எழுதறீங்க? கத, கட்டுர எதுனா ஒண்ணு போட்டுட்டுக் குடுங்க,” என்றாள் நூலகத்துப் பெண்.

என் வகை துப்பறியும் கதை. இளம் வயதில் யார் கேட்டாலும் மார்தட்டிச் சொல்வேன். இப்போது அதை எழுதக் கை வரவில்லை. பேனாவை மூடிவிட்டு, மேசையில் சணல் போட்டுக் கட்டியிருந்த பென்சிலை எடுத்தேன். அதை ஏன் மூக்கருகே கொண்டுபோனேன் என்று அந்தப் பெண்ணுக்குப் புரிந்திருக்காது. என் மூக்குக்குப் பென்சில் எழுத்து என்றால் கடலைப் புண்ணாக்கு வாசம். ஏன் என்று சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் ஓர் அலுவலகத்தின் பதிவறையில் எனக்கு வேலை. கட்டுகளுக்கு எண் போடுவது, நாடா கட்டுவது, கரையான் வந்திருக்கிறதா என்று அலமாரியின் முதுகைத் தட்டிப் பார்ப்பது. வயது இருபத்தொன்று. ஊருக்குப் புதிது. வாடகை அறையின் சன்னலைத் திறந்தால் எதிரே பாறையும் பாறைமேல் பாறையும்தான் தெரியும். பகலெல்லாம் குடித்த வெயிலை அந்த மலை சாயங்காலத்தில் என் அறைக்குள் ஊதும். வேர்வை சொட்டச் சொட்டப் படிப்பேன்.

படிப்பதால் கிடைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் காதர் பாய். பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். திண்டிவனத்திலிருந்து வரும் பஸ்ஸில் வாரப் பத்திரிகைக் கட்டு இறங்கியதும் முதலில் பிரிப்பவர் அவர்தான். அவருக்குக் குடும்பக் கதை. மாமியார் மருமகளைத் திட்டினால் இவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பஸ் இரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பும். மற்றவன் தணிகாசலம், கடைவீதி மளிகைக் கடைக்காரரின் மகன், என் வயது. அவனுக்கு ராஜா ராணிக் கதை. அதுவும் சும்மா படிக்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குள் போய்க் களஞ்சியத்து நிழலில் உட்கார்ந்துதான் படிப்பான். “இங்க குந்திப் படிச்சாத்தான் குதிர சத்தம் கேக்குதுடா” என்பான். எனக்குக் கேட்டதெல்லாம் வௌவால் சத்தம்.

மூவரும் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து நாங்களே பைண்டு போடுவோம். ஒரு துணிப்பையில் இரண்டு மூன்று பைண்டுகள். வாரம் ஒருவர் வீட்டில் பை இருக்கும். அதோடு ஒரு நோட்டும் போகும். நோட்டு என் யோசனை. ‘படிப்பேடு’ என்று அட்டையில் எழுதி, தேதி, பெயர், படித்தது, எழுதியவர், வகை, கருத்து என்று ஆறு பத்தி கோடு போட்டேன்.

காதர் பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கத படிக்கிறதுக்கும் ரிஜிஸ்டரா? நாங்க செத்தா சர்டிபிகேட்டும் நீயே குடுத்துருவ போலக்குது.”

பை தணிகாசலத்திடம் இருக்கும் வாரம் மட்டும் கொஞ்சம் ஆபத்தானது. அவன் நைனா என்று கூப்பிடும் அப்பாவுக்குக் கதைப் புத்தகம் என்றால் ஆகாது. பெரிய மீசை, சின்னக் குரல். கத்தமாட்டார். “கத படிக்கிறவன் கடையில குந்தலாமா? மொளகு கேட்டா கடுகு கட்டுவான்” என்று தராசைப் பார்த்துக்கொண்டே சொல்வார். என்னையும் விடமாட்டார். “தம்பி ஆபீசுல வேல இல்லியா, இவன வந்து கெடுக்கறீங்க?” அதனால் தணிகாசலம் பையைப் பின்கட்டுக் கிடங்கில், கடலைப் புண்ணாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைப்பான். அங்கிருந்து திரும்பும் புத்தகங்களை என் அறையில் பிரித்தால் எண்ணெய்ச் செக்கையே பிரித்ததுபோல இருக்கும்.

ஒருமுறை பேய்க்கதை ஒன்று எங்கள் கையில் சிக்கியது. கருத்துப் பத்தியில் நான், ‘அறிவுக்குப் பொருந்தாது. மூன்றாம் தரம்’ என்று எழுதிவைத்தேன். மூன்று வாரம் சுற்றி நோட்டு என்னிடம் திரும்பியபோது, அதன் கீழே பென்சிலில் ஒரு சொல் இருந்தது. ‘பொருந்தும்.’

தேதி இல்லை, பெயர் இல்லை. முதலில் எனக்கு வந்தது கோபம்தான், பத்தியைக் காலியாக விட்டதற்கு. காதர் பாயும் தணிகாசலமும் சத்தியம் செய்தார்கள். அவர்கள் கையெழுத்தும் அதுவல்ல. எழுத்துகள் பின்பக்கமாகச் சாய்ந்திருந்தன. கடைசி எழுத்தின் வால் மட்டும் கோடு தாண்டி நீண்டிருந்தது.

“ஜின்னு எழுதியிருக்கும்,” என்றார் காதர் பாய். பேய்க்கு அவர் வழக்கில் அந்தப் பெயர். சிரிக்கவில்லை.

அடுத்த சுற்றில் இரண்டு வரி வந்தது. ‘இதுபோல் வேறு இருந்தால் வைக்கவும். அவசரமில்லை.’

நான் வைத்தேன். திண்டிவனத்துப் பழைய புத்தகக் கடையில் தேடி ஒரு பேய்த் தொடரை வாங்கிப் பையில் போட்டேன். பென்சில் பதில் எழுதியது. ‘இதில் வரும் பெண் இறந்த பிறகு கிணற்றடியில் நிற்கிறாள். சமையலறையில் நிற்பாள் என்று நினைத்திருந்தேன்.’ இன்னொன்றுக்கு: ‘கொலுசுச் சத்தம் என்று எழுதியிருக்கிறார். எல்லாரும் கொலுசு போடுவதில்லை.’ பிறகொரு முறை: ‘எல்லாக் கதையிலும் வந்து நிற்கிறார்கள், போகிறார்கள். பேசுகிற கதை இருக்கிறதா? வீட்டு விஷயம் பேசினால் போதும்.’

உங்களிடம் மறைப்பதற்கென்ன, அந்த மாதங்களில் நான் நோட்டுக்காகத்தான் காத்திருந்தேன். சன்னலோரம் உட்கார்ந்து அந்த வரிகளைப் படிக்கும்போது அறைக்குள் இன்னொருவர் மூச்சுவிடுவதுபோல இருக்கும். பயமும் இருந்தது, விடவும் முடியவில்லை. நாங்கள் மூவரும் எங்களுக்குள் எழுதிக்கொள்வது குறைந்து, பெயரில்லாத அந்த நான்காவது ஆளுக்கே எழுதத் தொடங்கினோம். காதர் பாய்கூட, ‘அன்புள்ள ஜின்னுக்கு, இந்தக் கதையில் அழுகை உண்டு, பார்த்துப் படிக்கவும்’ என்று எழுதினார்.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் துப்பறியும் கதைக்காரன் ஆயிற்றே. பை சுற்றும் வரிசையை இரண்டு முறை மாற்றிப் பார்த்தேன். எப்படி மாற்றினாலும் தணிகாசலத்தின் வாரத்துக்குப் பிறகுதான் பென்சில் வந்தது. பதிவறைத் தாளில் அட்டவணை போட்டு அதை உறுதிப்படுத்தினேன். பிறகு ஒருநாள் வெந்தயம் வாங்க அவன் கடைக்குப் போனேன். அலமாரியில் வரிசையாகத் தகர டின்கள். ஒவ்வொன்றிலும் ஒட்டிய வெள்ளைத் தாள்: மிளகு, சோம்பு, வெந்தயம். எழுத்துகள் பின்னால் சாய்ந்திருந்தன. கடைசி எழுத்தின் வால் டின்னின் வளைவில் ஏறியிருந்தது.

எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. எங்களைத் திட்டித் தீர்த்த மனிதரே மூட்டைக்குப் பின்னால் நின்று திருட்டுத்தனமாகப் படித்திருக்கிறார்! நான் படித்த கதைகளில் கடைசி அத்தியாயத்தில் துப்பறிகிறவர் எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டிவைத்துத்தான் உண்மையைச் சொல்வார். நானும் அப்படியே செய்தேன். சந்தை நாளாகப் பார்த்து, காலை பதினொரு மணிக்கு, காதர் பாயைக் கூட்டிக்கொண்டு நோட்டோடு கடைக்குப் போனேன். முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். தணிகாசலம் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான்.

“மொதலாளி, ஒரு கேசு இருக்குது,” என்றேன்.

“இன்னா கேசு தம்பி?” என்று தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

நான் வெந்தய டின்னைக் கேட்டு வாங்கி, நோட்டைப் பிரித்து அதன் பக்கத்தில் பிடித்தேன். கடைசியாக வந்த பென்சில் வரிகளை நாடகக்காரன்போல உரக்கப் படித்தேன். பேசுகிற கதை இருக்கிறதா, வீட்டு விஷயம் பேசினால் போதும். பிறகு, “ரெண்டும் ஒரே கை! பேய்க்கத கேட்டு எழுதறது நம்ம மொதலாளிதான்!” என்றேன்.

கூட்டம் சிரித்தது. சிங்கவரத்திலிருந்து வந்திருந்த குடியானவர் ஒருவர் துண்டை உதறிக்கொண்டு, “இன்னா மொதலாளி, பேய்க்கத கேக்குதா ஒனக்கு? எங்கூட்டுக்கு வா, எம் பொண்டாட்டியக் காட்டறேன்!” என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. நானும் சிரித்தேன். காதர் பாய் மட்டும் என் முழங்கையைப் பிடித்து, “மூடு, நோட்ட மூடு,” என்றார்.

தணிகாசலத்தின் நைனா டின்னை என் கையிலிருந்து வாங்கினார். அது எதற்கு இங்கே வந்தது என்பதுபோலப் பார்த்தார். “அது என் எழுத்து இல்ல தம்பி,” என்றார். அந்தச் சின்னக் குரல் இன்னும் சின்னதாகியிருந்தது. டின்னை அதன் இடத்தில், தாள் ஒட்டிய பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைத்துவிட்டு, அடுத்த ஆளுக்குப் பருப்பு நிறுத்தார்.

தணிகாசலத்தின் அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இது எனக்குத் தெரியாததல்ல. நான் ஊருக்கு வந்தபோது சாவுக்கு மொட்டையடித்த அவன் தலையில் முடி முளைத்துக்கொண்டிருந்தது, அதை நாட்குறிப்பில்கூட எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பென்சில் வரிகளோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. எழுத்தின் சாய்வை அளந்தேனே தவிர, எழுதியிருந்ததை நான் படிக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் தணிகாசலம் அறைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“எங்கம்மா போனதுலேர்ந்து நைனா அவங்க பேர ஒரு வாட்டி கூட சொன்னதில்லடா. சாவுல கூட அழுவல. நாங்க ஆளு கல்லுன்னு நெனச்சிக்கினு இருந்தோம். அந்த நோட்டுலதான் பேசிக்கினு இருந்திருக்காரு, தெனம் அந்த டின்னத் தொடற எனக்கே தோணல. அதயும் நீ சந்தையில கொண்டாந்து வச்சிட்ட.”

“எனக்குத் தெரியாதுடா.”

“ஒனக்கா? பெரிய துப்பறியற ஆளு நீ.”

மறுநாள் நான் மன்னிப்புக் கேட்கக் கடைக்குப் போனேன். டின்களில் இருந்த தாள்களெல்லாம் கிழிக்கப்பட்டிருந்தன. ஈரத்துணி போட்டுத் தேய்த்த தடம் தெரிந்தது. புதுத்தாள்கள் ஒட்டியிருந்தன, தணிகாசலத்தின் கோழிக்கிறுக்கலில். பெரியவர், “வாங்க தம்பி, இன்னா வேணும்?” என்றார், எப்போதும்போல. மன்னிப்பைக் கேட்காமல் வேண்டாத சீரகத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் பையில் பேய்க்கதை வைத்துக் கிடங்குக்கு அனுப்பினேன். வைத்தபடியே திரும்பும். நோட்டில் என் எழுத்தும் காதர் பாய் எழுத்தும் மட்டும். தணிகாசலம் எழுதுவதை நிறுத்திவிட்டான். பிறகு காதர் பாய்க்கு வேறு ஊர் பஸ் நிலையத்துக்கு மாற்றல் வந்தது. நோட்டு என்னிடமே தங்கிவிட்டது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு நேரம் உங்களை உட்கார வைத்ததில் அர்த்தமில்லை. எனக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் உத்தரவு வந்த வாரம். சைக்கிளைக் கடை முன்னால் நிறுத்திவிட்டுத் துவரம்பருப்பு கேட்டேன். கடையில் யாரும் இல்லை. தணிகாசலம் அனந்தபுரத்துக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தான். பெரியவர் இளைத்திருந்தார். மீசை மட்டும் அப்படியே இருந்தது. பொட்டலத்துக்குக் காகிதத்தை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், கேட்டார்.

“இப்ப இன்னா படிக்கிறீங்க தம்பி?”

பழையதைக் கிளறிவிடக் கூடாது, அவரை இன்னொரு முறை கூசவைக்கக் கூடாது என்பதுதான் என் நினைப்பு. அந்த நொடியில் அதைப் பெரிய நாகரிகம் என்று நினைத்தேன்.

“இப்பல்லாம் ஒண்ணும் படிக்கிறதில்லீங்க,” என்றேன்.

அவர் கை கொஞ்சம் நின்றது. “அப்பிடியா,” என்றார். சணலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, பல்லால் அறுத்து, பொட்டலத்தை நகர்த்தினார். தை பிறப்பதற்குள் அவர் போய்விட்டதாகத் தணிகாசலம் ஒரு கார்டு போட்டிருந்தான். எனக்கு அவன் எழுதிய கடைசிக் கார்டும் அதுதான்.

இரண்டு வருடம் முன்பு ஒரு கல்யாணத்துக்காகச் செஞ்சி போனேன். கடை இருந்த இடத்தில் பிளாஸ்டிக் குடம் அடுக்கியிருக்கிறார்கள். கிடங்கை இடித்து மாடி எழுப்பி, மேலே டைப்ரைட்டிங் சொல்லித்தருகிறார்கள். புண்ணாக்கு வாசம் இல்லை. தணிகாசலம் குடும்பத்தோடு பெங்களூர்ப் பக்கம் போய்விட்டான் என்று குடம் விற்கிறவர் சொன்னார். பெரியவரை அவருக்குத் தெரியவில்லை. காதர் பாயைப் பற்றிச் சொல்லவும் ஆளில்லை. அந்தப் பைண்டுகளில் ஒன்றுகூட என்னிடம் மிஞ்சவில்லை, வீடு மாறும்போதெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டன.

துவரம்பருப்பு வாங்கிய அன்று என் சைக்கிள் பையில் ஒரு பைண்டு இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் தேடி, முந்தின நாள்தான் கிடைத்திருந்தது. அதில் இறந்துபோன மனைவி திரும்பி வருகிறாள். வாசலில் நிற்காமல் நேராகச் சமையலறைக்குப் போகிறாள். உப்பை எங்கே மாற்றி வைத்தீர்கள் என்று புருஷனைக் கேட்கிறாள். பிறகு ஒன்பது பக்கம் பேசுகிறாள். பைக்கும் அவர் கைக்கும் நாலடி தூரம்தான் இருந்தது.