தமிழ்செல்வி கொண்டுவந்த சொம்பு

எதைப் பார்த்தாலும் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிவிடுவாள் தமிழ்செல்வி. திருத்தணியில் மலைக்குப் போகும் தெருவில் எங்கள் பாத்திரக் கடை. அவள் விற்கிறாள், நான் பில் போடுகிறேன். தவலையோ குடமோ, தட்டிக் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் கையில் தருவாள். "இது நல்லா பாடுதுக்கா, எடுத்துகினு போங்க!" என்பாள். பாத்திரத்தோடு விட்டாளா? போன வாரம் என் புது ஹெல்மெட்டையும் தட்டிப் பார்த்தாள், நான் அதை மாட்டியிருக்கும்போதே!

இந்த வியாதியை அவளுக்கு ஒட்டவைத்தவன், எங்களோடு வேலை பார்த்த எலியாஸ். அப்படியொரு கற்பனைக்காரனை நான் கண்டதில்லை. ஆடிக் கிருத்திகைக்குப் பால்குடம் வாங்கக் கூட்டம் நெரியும்போது, அண்டா, குக்கர் மூடி, தோசைக்கல் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பிக் கரண்டியால் வாசிக்க ஆரம்பிப்பான். தெருவே நின்றுவிடும். முதலாளி திட்ட வருவார். வியாபாரத்தைப் பார்த்து வாயை மூடிக்கொள்வார்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஒன்று உண்டு. தமிழ்செல்வியின் அப்பா வீராசாமிக்கு ரைஸ் மில் இரைச்சலில் காது போய்விட்டது. சாயங்காலம் மகளைக் கூட்டிப்போகக் கடைக்கு வருவார். எலியாஸ் அவர் உள்ளங்கையைக் கவிழ்த்த அண்டாமேல் வைத்துவிட்டுத்தான் வாசிப்பான். அதிர்வு கையில் ஏற ஏற மனிதர் கண்ணை மூடிக்கொள்வார். டங் டகடங், டங் டகடங் என்று வந்து, முடிக்கிற அடியை மட்டும் அடிக்காமல் கரண்டியை அவரிடம் நீட்டுவான். டங்! கடை முழுக்கக் கைதட்டும். இப்போது மாமனார் கடையைப் பார்க்கச் சித்தூருக்குப் போய்விட்டான், பாவி. அவன் இல்லாத கடை கடையாகவே இல்லை.

நேற்று வீராசாமிக்குக் காது மிஷின் மாட்டும் நாள். இடது காது தேறாது என்று போன தடவையே சொல்லிவிட்டார்கள். வலதும் கைவிட்டால் அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குத் துணையாக என்னையும் இழுத்துக்கொண்டு போனாள் தமிழ்செல்வி. ரயிலில் பையை மடியில் இறுக்கிக்கொண்டு, ஜன்னல் கம்பியைத் தட்டியபடியே வந்தாள்.

"அண்ணா, கேட்டுடும்ல? இன்னைக்கு எப்டியும் கேட்டுடும்ல?"

"ஆங், கேக்கும்மா. மொதல்ல அந்தக் கம்பிய வுடு!" என்றேன். எனக்கே பயம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

டாக்டரம்மா மிஷினை மாட்டிவிட்டு, வீராசாமியின் பின்னால் நின்று பேர் கேட்டார். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கூட்டி மறுபடி கேட்டார். அப்போதும் அதே சுவர்தான்.

"காத்தடிக்கிற மாரி இன்னாமோ இரையுது. வேணாம்மா, கெளம்பு, போலாம்" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே, மிஷினைக் கழற்றக் காதில் கை வைத்தார் வீராசாமி.

"மேடம், மேடம், ஒரு நிமிசம் இருங்க!" தமிழ்செல்வி பாய்ந்து பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு பித்தளைச் சொம்பு வந்தது. இதற்காகவே கொண்டுவந்திருக்கிறாள், கள்ளி! அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். சொம்பைத் தட்டினாள். டங் டகடங். டங் டகடங். அங்கே நிறுத்திவிட்டாள்.

மிஷினைக் கழற்றப் போன கை காதருகிலேயே நின்றது. பிறகு வீராசாமி, திரும்பிக்கூடப் பார்க்காமல், அந்தக் கையை இறக்கி, டாக்டரம்மாவின் மேஜையில் விரல் முட்டியால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.