நனைக்காத ரொட்டி

நெஞ்செரிச்சல் என்று வருகிறவருக்கு ஓமியோபதி டாக்டர் முதலில் கொடுப்பது மாத்திரை அல்ல, காய்ந்த ரொட்டித் துண்டு. மேசை மேல் ஒரு தகர டப்பாவில் வைத்திருக்கிறார். தண்ணீர் கேட்டால் தர மாட்டார். மென்று முடிக்கும்வரை அவருடைய கண் வந்தவரின் தொண்டையிலேயே இருக்கும். வந்தவர் விழுங்கும்போது டாக்டரின் தொண்டையும் கூடவே ஏறி இறங்கும்.

அதன் பிறகுதான் கேள்விகள். எரிச்சல் நெஞ்சுக்குழியோடு நிற்கிறதா, தொண்டைவரை வருகிறதா? படுத்தால் புளித்து மேலே ஏறுகிறதா? கோபம் வருமா, வந்தால் யார் மேல்? பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததை எல்லாம் கறந்துவிடுவார். பிறகு சீனி உருண்டைகள் நிறைந்த சின்னக் குப்பியில் நாலு சொட்டு மருந்து விட்டு, மூடியை அழுத்தி, உள்ளங்கையில் தட்டிக் குலுக்குவார். சாப்பிட்டவுடன் படுக்காதே, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வை என்றும் சொல்லி அனுப்புவார். குணமானவர்கள் மாத்திரையைத்தான் புகழ்வார்கள். "செங்கல்லுக்கும் கொஞ்சம் பங்கு குடுங்கப்பா" என்பார் அவர்.

ரொட்டி டப்பா வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் அவருடைய தம்பி, தையல்காரர், ஏழு மாதம் நோயாளிகளுக்கான இதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "அண்ணன் கை பட்டாலே பாதி அடங்கிடுது" என்பார். எரிச்சல் அடங்கத்தான் செய்தது. இப்போதெல்லாம் ரொட்டியை டீயில் ஊறவைத்துத்தான் தின்கிறேன் என்று தம்பி ஒருநாள் சொன்னதை, அண்ணன் நோட்டில் விருப்பங்கள் என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டார்: 'நனைத்த ரொட்டி, மிகவும் பிடிக்கும்.' அந்த ஆசைக்குப் பொருந்தும் மருந்து எது என்று புத்தகங்களைக்கூடப் புரட்டினார். காய்ந்த ரொட்டி இறங்குகிறதா என்று அவர் கேட்கவில்லை. தம்பியும் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டி வளர்ந்து உணவுக்குழாயை அடைத்திருந்தது. நாள் கடந்துவிட்டது என்றார்கள். அந்த ஏழு மாதத்தையும் தன் கையாலேயே வீணாக்கிவிட்டோம் என்று இன்றுவரை அவருக்கு மனசு ஆறவில்லை. நோட்டு மேசையிலேயே கிடக்கிறது. அந்த வரியை அவர் அடிக்கவில்லை.

இப்போது யாருக்காவது ரொட்டி தொண்டையில் நின்றால் அவர் குப்பியைத் தொடுவதில்லை. அறையைப் பூட்டிவிட்டு, ஆளைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுவார்.

நேற்று வந்தவர் வேன் ஓட்டுகிறவர். தம்பியின் வயதுதான் இருக்கும். ரொட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"இதெல்லாம் எதுக்கு டாக்டர்? உங்க கை பட்டாலே சரியாயிடும்னு சொன்னாங்களே."

டாக்டர் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

வேன்காரர் மென்றார். வெகுநேரம் மென்றார். டாக்டரின் தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. வேன்காரருக்குக் கண்ணில் நீர் முட்டியது. மீதி ரொட்டி வாயிலேயே நிற்க, நெஞ்சைத் தடவிக்கொண்டு தண்ணீருக்காகச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

டாக்டர் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். குப்பி தட்டுகிற அந்த உள்ளங்கையைக் குழித்து, அவர் வாயருகே நீட்டினார்.

"துப்பிடு தம்பி" என்றார்.