மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே பதினெட்டு கிலோமீட்டர்

2007 ஜூலையில், மழை கொட்டிய ஒரு சனிக்கிழமை, அம்மாவை நகரின் நடுவில், டெக்கனில் இருக்கும் தைராய்டு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அப்பாவுக்கு ஆபீஸ், அம்மாவுக்கு இந்தி தகராறு. மொழிபெயர்ப்பாளர் பதவிக்கு எங்கள் வீட்டில் என்னை விட்டால் ஆளில்லை. நாங்கள் குடியிருக்கும் ஹிஞ்சேவாடிப் பக்கமிருந்து இதே வழியில் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் என் பாவமன்னிப்பு. போன வருடம் முழுக்க அம்மா காலை பத்து மணிக்கே சோர்ந்து படுத்தாள். முகம் உப்பியது, முடி கொட்டியது, மே மாதத்தில் சால்வை போர்த்தினாள். நான் அவளுக்கு 'தூங்குமூஞ்சி டாட் காம்' என்று பெயர் வைத்து, சீட்டில் எழுதி முதுகில் ஒட்டினேன். அப்புறம்தான் ரத்தப் பரிசோதனை. கழுத்தில் பட்டாம்பூச்சி வடிவில் ஒரு சுரப்பி. உடம்பு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று சொல்வது அதன் வேலை. சோம்பேறி அதுதான், அம்மா இல்லை.

இங்கே குடிவருவதற்கு முன், கோவையில் அம்மா மூன்றாம் மாடியிலிருந்து என்னைத் திட்டினால் தெருமுனை வரை கேட்கும். அந்தக் குரலும் கரகரத்து அடங்கிவிட்டது. பரிகாரமாக நான் தினமும் ஆறு மணிக்கு எழுந்து, ஃபில்டர் காபியும் மாத்திரையும் ஒரே தட்டில் வைத்து நீட்டினேன். ஒருநாள்கூடத் தவறவில்லை. இருந்தும், சுரப்பி மந்தமானால் ஏறும் டி.எஸ்.எச். எண் இறங்கவே இல்லை. மாத்திரையின் அளவு இரண்டு முறை கூடியதுதான் மிச்சம்.

8.10-க்குப் பேருந்து. பதினெட்டு கிலோமீட்டர், டிக்கெட் ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய். ஐ.டி. கம்பெனி கார்களின் ஊர்வலத்தில் சிக்கி ஒன்றேகால் மணி நேரம். டெக்கனிலிருந்து கிளினிக் எட்டு நிமிட நடை. அம்மா மூன்றாவது நிமிடத்தில் பூட்டிய கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ முன்னால போ கண்ணு. நா மெதுவா வர்றேன்."

ஆட்டோ பிடித்தேன், பத்து ரூபாய்.

காத்திருக்கும் அறையில் பக்கத்து நாற்காலி அக்காவுக்கு நேரெதிர் சிக்கல்: மெலிவு, படபடப்பு, கைநடுக்கம். அவருக்குச் சுரப்பி ஓவர்டைம், அம்மாவுக்கு வேலைநிறுத்தம்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மறுபடி அளவைக் கூட்டப் பேனாவை எடுத்தவர், அம்மா மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறார் என்று இந்தியில் கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான் கொடுக்கிறேன். சரியாக ஆறு மணிக்கு, காபியோடு" என்றேன்.

"காஃபி கே சாத்?" பேனா மேஜைக்குத் திரும்பியது.

காபி அந்த மாத்திரையை உடம்பில் சரியாகச் சேரவிடாதாம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. அளவு அப்படியே இருக்கட்டும், ஆறு வாரம் கழித்து மறுபடி பரிசோதிக்கலாம் என்றார். அம்மாவுக்கு மொழிபெயர்த்துவிட்டு, என் வாக்குமூலத்தையும் சேர்த்தேன்.

"இத்தனை நாளும் நானேதான் கெடுத்திருக்கேன்மா."

"போடி லூசு. யாரு எனக்கு ஆறு மணிக்கு எந்திரிச்சுக் காபி போட்டுக் குடுப்பா?"

அம்மாவால் காபிக்கு ஒரு மணி நேரம் பொறுக்க முடியுமா? முடியாது. அதனால் மாத்திரை கொடுத்ததும் ஃபில்டரை ஒளித்து வைப்பதை என் காலைக் கடமை ஆக்கிக்கொண்டேன்: வாஷிங் மெஷின், ஷூ அலமாரி, ஒருமுறை அப்பாவின் ஹெல்மெட்.

போகிறவர்களுக்கு: பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் போங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டில் யாராவது தூங்கிக்கொண்டே இருந்தால், பெயர் வைப்பதற்கு முன் ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆறு வாரத்தில் எண் பாதிக்கு மேல் இறங்கியது. ஆனால் எனக்கு ரிப்போர்ட் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஒரு காலை, ஃபில்டரோடு கீழே இறங்கி கேட் அருகே நின்றிருந்தேன்.

"ஏய் கழுத! ஃபில்டர எங்கடி வெச்ச?"

இங்கேயும் மூன்றாம் மாடியிலிருந்துதான். வாட்ச்மேன் பதறி எழுந்து நின்றார்.