இங்குன் அழுத்த மறுத்த பொத்தான்

இங்குன் வருகிறாள் என்று தெரிந்தால் போதும், எங்கள் மருத்துவமனையின் அறுவைப் பிரிவு டாக்டர்கள் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்கள். நான் கதை கட்டவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன், பாதி நாள் அந்த நடைபாதையில்தான் நிற்கிறேன். அவளோ காப்பிக் கோப்பையோடு கழிப்பறை வாசலிலேயே காத்திருப்பாள். குடிக்க அவளுக்குக் காப்பி இருக்கிறது, உள்ளே இருப்பவருக்கு இல்லை.

அவள் வேலை அப்படி. படிப்பு முடித்துப் பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்கள் எதையெல்லாம் கற்றார்கள் என்பது இப்போது கணினியில்தான் பதிவாகிறது. ஒவ்வொரு திறமைக்கும் திரையில் ஒரு கட்டம். பயிற்சி டாக்டர் செய்வதை மூத்த டாக்டர் கண்ணால் பார்த்துவிட்டு, தன் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே நுழைந்து பொத்தானை அழுத்தினால் சாம்பல் கட்டம் பச்சையாகும். எல்லாக் கட்டமும் பச்சையானால்தான் அடுத்த இடத்துக்குப் போகமுடியும். மூத்தவர்களுக்கு வயிற்றைக் கிழித்துத் தைக்க நேரம் உண்டு, ஒரு பொத்தானை அழுத்த மட்டும் நேரமே கிடைக்காது. அவர்களைத் துரத்திப் பிடித்து அழுத்தவைப்பதற்குத்தான் இங்குனுக்குச் சம்பளம்.

எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. மகள்கள் ஓஸ்லோவில் இருக்கிறார்கள். புருஷனை அனுப்பிவிட்டு நாயை வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டால், "கூப்பிட்டா வருதே" என்பாள்.

போன அக்டோபரில் எஸ்கில் என்ற பையனுக்கு ஒரே ஒரு கட்டம் பாக்கி. குழந்தை பிறந்த விடுப்பில் இருந்துவிட்டு வந்ததால் மற்றவர்களைவிடத் தாமதமாக முடிக்கிறவன். திங்கட்கிழமை வெளித்தீவு ஒன்றில் அவன் வேலையில் சேரவேண்டும். கடல் பொங்கினால் படகு ஓடாது, காற்று அடித்தால் ஹெலிகாப்டர் இறங்காது. அப்போது அங்கே இருக்கிற ஒரே டாக்டர் அவன்தான். கட்டம் பச்சையாகாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். பாக்கி இருந்தது, கழன்ற தோளை உள்ளே தள்ளும் வேலை. அவன் அதைச் செய்தபோது கூட இருந்து பார்த்தவர் டாக்டர் தோர்லைஃப். அவரோ மூஸ் என்கிற பெரிய காட்டு மானை வேட்டையாடப் போய்விட்டார். வேட்டை வாரத்தில் எங்கள் பள்ளத்தாக்கில் ஊராட்சிக் கூட்டம்கூட நடக்காது. மலைமேல் இருக்கும் வேட்டை முகாமில் போனும் எடுக்காது.

ஆனால் தோர்லைஃபின் பாஸ்வேர்ட் இங்குனுக்குத் தெரியும். ஒருநாள் தொல்லை தாங்காமல், "எம்பேர்ல நீயே அழுத்திக்கோ, என்னைய விடு" என்று சாப்பாட்டுக்கூடத்தில் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அன்று வெள்ளிக்கிழமை. பிரிவின் தலைவர் அழுத்தச் சொன்னார். நானும் சொன்னேன்.

"பச்சைன்னா 'நான் பார்த்தேன்'னு அர்த்தம் ஹாக்கோன். நான் பார்த்தேனா?"

"தோர்லைஃப் பார்த்தாருல்ல."

"அப்ப அந்தாளே சொல்லட்டும். உன் கார் நாலு சக்கரமும் இழுக்குற கார்தானே?"

எனக்கு எரிச்சலாக வந்தது. சனிக்கிழமை நிம்மதியாக விறகு வெட்டலாம் என்று இருந்தேன். ஆனாலும் மறுநாள் காலை முகாமுக்குப் போகச் சாவியை எடுத்தேன். பின் இருக்கையில் எஸ்கில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். மலைப்பாதை வளைவுகள்தான் காரணம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

முகாமில் நாங்கள் இறங்கியதும் திட்டுதான் கிடைத்தது. "கார் ஓட்டுறியா, மலையை உருட்டுறியா? இருந்த மூஸெல்லாம் இந்நேரம் ஸ்வீடனுக்கே போயிருக்கும்!" மூஸுக்காகக் காத்திருந்த இடங்களிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் நெருப்பருகே வந்திருந்தார்கள். ஓத்வார் என்ற மரம் வெட்டுகிறவன் ஒரு கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டு, மறு கையால் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தான்.

இங்குன் தோர்லைஃப் முன்னால் கணினியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"மறந்துட்டேன்னு நெனச்சியா? மறக்கல. நான் கையப் பிடிச்சு இழுத்துட்டிருந்தேன். இவன் பின்னால நின்னு தோள்பட்டை எலும்பத் தள்ளிட்டிருந்தான். டொக்குன்னு உள்ள போயிருச்சு. யார் செஞ்சதுன்னு எனக்கே தெரியல. தெரியாம எப்படிப் பச்சை போடுறது?"

"இத எங்கிட்ட அங்கேயே சொல்றதுக்கென்ன?"

"உங்கிட்டதான் பாஸ்வேர்ட் இருக்கே. நீயே அழுத்திருப்பேன்னு…"

இங்குன் கோபப்பட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. "ஓஹோ! பக்கத்துல நின்ன உனக்கே தெரியாதத, பாக்காத நான் அழுத்தணுமா? நாளைக்குத் தீவுல இவனத் தவிர யாருமில்லாதப்ப ஒருத்தன் கத்திக்கிட்டு வருவான். அவங்கிட்ட போய் பச்சையக் காட்டவா?"

இங்கேதான் எங்கள் முட்டாள்தனத்தைச் சொல்லவேண்டும். அந்தத் தோளுக்குச் சொந்தக்காரன், குழம்பு கிண்டிக்கொண்டிருந்த ஓத்வாரேதான். தோர்லைஃபுக்குத் தெரியும், எஸ்கிலுக்குத் தெரியும், ஆம்புலன்ஸில் கொண்டுவந்த எனக்கும் தெரியும். நோயாளி யார் என்று வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். அதனால் மூன்று பேரும் அவனைப் பார்க்காமல் பிர்ச் மரங்களை வெறித்துக்கொண்டு நின்றோம். விஷயம் தெரியாதவள் இங்குன் மட்டும்தான். இதை நான் இப்போது எழுதலாம், ஏனென்றால் ஓத்வாரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அவன் கரண்டியைப் பானை விளிம்பில் தட்டினான்.

"என்னாங்கடா, மூணு பேரும் மரத்தையே பாக்குறீங்க? தோள் என்னுதுதானே! என்கிட்ட கேட்டா என்ன?"

"வலியில இருந்தவன், உனக்கு என்ன ஞாபகம் இருக்கும்?" என்றார் தோர்லைஃப்.

"வலியில இருந்ததாலதான் ஞாபகம் இருக்கு! எவன் கை எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? நீ கைய மாத்திப் பிடிக்கறேன்னு விட்டுட்ட. 'வேணாம், மயக்க டாக்டரக் கூப்பிடுங்க'ன்னு வேற சொன்ன. அப்பத்தான் பின்னால இவன் ரெண்டு கட்டை விரலால ஒரு தள்ளு தள்ளுனான். செத்துப் பொழச்சேன். பையன் கை கதகதன்னு இருந்துச்சு, உன் கை மீன் மாதிரி சில்லுன்னு."

முகாமே சிரித்தது. தோர்லைஃப் சிரிக்கவில்லை, யோசித்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். "ஆமா. மயக்க டாக்டரக் கூப்பிடச் சொன்னேன். அப்ப என் கை தளர்ந்துதான் இருந்துச்சு." எஸ்கில் பக்கம் திரும்பினார். "நீதான்டா."

சிக்னல் கிடைக்க மலைமுகடு வரை ஏறவேண்டியிருந்தது. காற்று காதை அறைந்தது. தோர்லைஃப் படிக்கும் கண்ணாடியைக் கொண்டுவரவில்லை. இங்குன் திரையைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடிக்க, அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அழுத்தினார். கட்டம் பச்சையானது.

"இப்ப பாஸ்வேர்ட மாத்து," என்றாள்.

"இங்கேயா? குளுருது இங்குன்."

"இங்கேயேதான். நான் திரும்பி நிக்கிறேன்."

மாற்றினார். பாஸ்வேர்ட் அவளிடம் இருக்கிற தைரியத்தில் அதுவரை ஒளியாமல் இருந்தவர், அதிலிருந்து கழிப்பறையில் ஒளிகிறவர்களில் ஒருவர். இங்குனுக்குத் துரத்த ஓர் ஆள் கூடியதில் கொள்ளை மகிழ்ச்சி. முகட்டிலிருந்து இறங்கும்போதே முனகலாகப் பாட ஆரம்பித்துவிட்டாள்.

திரும்பி வரும் வழியில், ஆற்றுப் பாலம் தாண்டியதும் எஸ்கில் பேச ஆரம்பித்தான்.

"இங்குன், ஒன்னு சொல்லவா? நானும் அவர்தான் செஞ்சாருன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவள் முன் இருக்கையிலிருந்து திரும்பினாள். "பின்ன எதுக்குடா ஒப்புதல் கேட்ட?"

"எல்லாரும் கேக்குறாங்க, கிடைச்சிருது. கேட்டுட்டேன். அப்புறம் தூக்கமே வரல. தீவுல ஒருத்தன் தோள் கழண்டு வந்தா என்ன பண்ணுவேன், எனக்குத்தான் தெரியாதேன்னு…"

காரை மெதுவாக்கினேன். வெள்ளிக்கிழமையே அழுத்தியிருந்தால் இந்தப் பையன் பச்சைக் கட்டத்தையும் அந்தப் பயத்தையும் சேர்த்தே படகில் ஏற்றிக்கொண்டு போயிருப்பான். அழுத்தச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

"இப்ப ஒருத்தன் வந்தா?" என்றாள் இங்குன்.

"உக்கார வைப்பேன். நர்ஸ் கையப் பிடிச்சு லேசா இழுக்கட்டும். நான் பின்னால நிப்பேன்." அவள் இருக்கையில் முன்னால் நகர்ந்து முதுகைக் காட்டினாள். அவன் முன்னால் சாய்ந்து, கம்பளிச் சட்டைக்கு மேலேயே அவள் தோள்பட்டையைத் தடவிப் பார்த்து இரண்டு கட்டை விரலையும் வைத்தான். "இந்த எலும்போட கீழ் முனை இருக்குல்ல? இத முதுகெலும்பப் பாத்து இப்படித் தள்ளணும்."

எத்தனையோ கட்டங்களைப் பச்சையாக்க வைத்த இங்குன், கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "இன்னொரு தடவை காட்டு," என்றாள்.