ஜெர்மன் மாப்பிள்ளையின் ஐந்தொகை

போன ஞாயிறு காலை. வெள்ளவத்தை ஃபிளாட்டில் நான் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தேன். கதவில் தட்டல். மூன்றாம் மாடி சிவபாதம் அண்ணை, கையில் ஒரு ஃபைல்.

"தங்கச்சி, இதை ஒருக்கா இங்கிலீசிலை மாத்தித் தாங்கோ. அவசரம்."

திறந்தால்... ஜெர்மன் ஐந்தொகை, அதுதான் பாலன்ஸ் ஷீட்!

அண்ணையின் மகள் நிரோஷாவுக்கு ஜெர்மனியில் மாப்பிள்ளை பேசுகிறார்கள். அங்கே சொந்தமாக பேக்கரி நடத்துகிறவர். சாதகம் பொருந்திவிட்டது. ஆனால் லண்டனில் இருக்கும் அண்ணையின் மச்சான் எக்கவுண்டன்ட் ஆயிற்றே! கடைக் கணக்கைப் பார்க்காமல் சம்மதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். தரகரைப் பிடித்து எப்படியோ கணக்கை வாங்கிவிட்டார் அண்ணை.

சாதகத்துக்கு சாத்திரியார், ஐந்தொகைக்கு நான். யாருடைய வேலை கஷ்டம் என்று நினைக்கிறீர்கள்?

ஜெர்மன் கணக்குச் சொற்களை ஆங்கிலமாக்குவதுதான் கொள்ளுப்பிட்டி ஒஃபீஸில் என் தொழில். ஆனால் அங்கே யாரும் பக்கத்தில் குந்தியிருந்து "முடிஞ்சுதோ? முடிஞ்சுதோ?" என்று கேட்பதில்லை. அந்த அவசரத்தில், ஒரு பெரிய தொகைக்கு நேரே 'ரிசேர்வ்' என்று எழுதிவிட்டேன்.

"அப்பிடியெண்டால் சேமிப்போ?"

"ஓம் அண்ணை, அப்பிடித்தான்."

அண்ணையின் முகம் பூரித்துப்போனது. தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

திங்கட்கிழமை ஒஃபீஸில் வேறொரு கம்பனியின் கணக்கில் அதே ஜெர்மன் சொல் வந்தது — ரூக்ஸ்டெல்லுங். அது சேமிப்பே இல்லை. வரப்போகிற செலவுக்கென்று எடுத்து வைக்கும் தொகை. ஆங்கிலத்தில் 'புரொவிஷன்'. இத்தனை வருஷ அனுபவத்தில் இப்படியொரு பிழை... வெட்கமாக இருந்தது.

பின்னேரம் நேரே மூன்றாம் மாடிக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

"அப்ப பெடியன் எங்களைப் பேய்க்காட்டிறானோ? இந்தச் சம்மந்தம் வேண்டாம். விடுவம்."

என் கைப்பிழையால் ஒரு கல்யாணம் நின்றுபோவதா?

உள்ளேயிருந்து நிரோஷா வந்தாள்.

"பேக்கரி வாடகைக் கட்டிடமாம், அப்பா. விடேக்கை திருத்திக் குடுக்கவேணுமாம். அதுக்கு எடுத்து வச்ச காசு. முதல் நாள் கதைக்கேக்கையே அவர் எனக்குச் சொன்னவர்."

"நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் என்னைக் கேக்கேல்லையே. தரகரையெல்லோ கேட்டனீங்கள்."

அண்ணை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை.

"அன்ரி, எனக்குச் சீதனமாத் தாற இந்த ஃபிளாட் இன்னும் பாங்கிலை ஈட்டிலை கிடக்கு. அதை அப்பா அவையளுக்குச் சொல்லேல்லை. அந்தக் கணக்கையும் ஒருக்கா ஜெர்மனிலை எழுதித் தாங்கோ. நானே அனுப்புறன்."

பெண் வீட்டுக்கும் ஓர் ஐந்தொகை உண்டுதானே!