பேச்சியக்கா பாடிய மாம்பழப் பாட்டு

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு துக்க வீட்டைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. சாமந்தி மாலை, ஊதுபத்தி எல்லாம் கலந்த அந்த வாசனைக்கு நடுவே, ஸ்பீக்கரில் பேச்சியக்காவின் ஒப்பாரி. பின்னால் கீபோர்டு வாசிப்பது நான்தான். இறந்தவர் யாரென்றே தெரியாது, இருந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டேன். தான் வாசித்ததைத் தானே நின்று கேட்கும் அற்பப் பெருமை துக்க வீட்டு வாசலில்கூட மனுஷனை விடாது போலிருக்கிறது.

அக்கா ராஜபாளையத்தில் நூல்மில்லில் வேலை பார்த்தவர். மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய தொண்டை. எங்கள் பாட்டுக் குழுவுக்கு வந்த புதிதில், மைக்கை விட்டுத் தள்ளி நின்று பாடச் சொல்வோம். சோழபுரம், வ. புதுப்பட்டி என்று அம்மன் கோயில் பொங்கலுக்கெல்லாம் எங்களைக் கூப்பிட்டது அந்தக் குரலுக்காகத்தான். அது ஒலிக்கும்வரை என் கீபோர்டின் தப்பு யார் காதிலும் விழாது.

பாட்டெல்லாம் கேலிதான். அதிலும் சப்பட்டை மாம்பழம் விற்கிறவளோடு ஒரு கிழவர் பேரம் பேசும் பாட்டு, அக்காவே கட்டியது. ஊருக்கு ஊர் வரிகள் மாறும். முன்னால் யார் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ, அவர்தான் அன்றைக்குக் கிழவர். பாதியில் அக்காவுக்கே சிரிப்பு வந்து பாட்டு நின்றுபோகும். இன்றைக்கும் மாம்பழ வாசனை வந்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்புதான்.

பிறகு மதுரையிலிருந்து கேசட் போடுகிறவர் ஒருவர் வந்தார். ஒப்பாரி பாடச் சொன்னார். அக்காவின் அம்மா இறந்து அதிக நாள் ஆகவில்லை. அந்தத் துக்கத்தையெல்லாம் சேர்த்துப் பாடினார். கேசட் பிய்த்துக்கொண்டு போனது. சுற்றுவட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் அக்காவின் குரல்தான். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த பொங்கல், செண்பகத்தோப்புப் பக்கம் ஓர் ஊர். அக்கா மாம்பழப் பாட்டை எடுத்தார். முன்னால் இருந்த ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் அழுதார்கள். விழாக்காரர் மேடையோரம் வந்தார்.

"தப்பா நெனைக்காதிய. அவ புருசன் செத்தன்னைக்கு நாள் முச்சூடும் இந்தக் குரலத்தான் போட்டிருந்தோம். நல்ல காரியத்துல வேண்டாமே."

அக்கா இறங்கி வந்தார்.

"ஏலே தம்பி, சிரிக்கத்தானல பாடுனேன்? ஏம்ல அழுதாக?"

அதன்பிறகு எந்தக் கோயிலும் எந்தக் கல்யாண வீடும் அக்காவைக் கூப்பிடவில்லை. மாம்பழப் பாட்டை ஒரு கேசட்டாகப் போடச் சொல்லி அக்கா மதுரைக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தார். "இன்னொரு ஒப்பாரி குடுங்கம்மா, உடனே போடுவோம்" என்றார்களாம். மாட்டேனென்று வந்தவர், மறுபடி மில்லுக்கே போனார். யாராவது பாடச் சொன்னால் தொண்டை கட்டியிருக்கிறது என்பார்.

போன வருஷம் அக்கா இறந்தார். மைக்செட்காரர், மரியாதை என்று நினைத்து, அக்காவின் ஒப்பாரியையே போட்டுவிட்டார். மகள் செல்வி தலைவிரிகோலமாக வெளியே ஓடி வந்தாள்.

"அத நிப்பாட்டுங்கண்ணே! எங்கம்மா சாவுக்கு எங்கம்மாவே அழணுமா? மாம்பழப் பாட்டு இருந்தாப் போடுங்க."

அவர் செல்லில் தேடினார். அது எங்கேயும் பதிவாகவில்லை என்று எனக்குத் தெரியும். செல்வி என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நீங்களாவது பாடுங்க."

மெட்டு ஞாபகம் இருந்தது. முதல் வரியும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. பந்தலில் இருந்தவர்களைப் பார்த்தேன். அந்தப் பாட்டைக் கேட்டு உருண்டு உருண்டு சிரித்தவர்கள்தான் பாதிப் பேர். சிரித்தது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. இரண்டாவது வரி ஒருவருக்கும் தெரியவில்லை.