ஒரே எண்ணில் பதினேழு பேர்

சுனாமியில் கடல் வந்து போன அடுத்த வருடம் மட்டக்களப்பில் ஒரு நிவாரணக் கந்தோரில் வேலை செய்தேன். கணினி என் பொறுப்பு. உதவி பெறுவோரின் முகவரிப் புத்தகமும் நாட்காட்டியும் கொழும்புச் சேர்வரில் பொதுவாக இருந்தன. நாங்கள் இங்கே பதிவது அங்கே போகும். அங்கே மாற்றினால் இங்கேயும் மாறும். அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை ஆரையம்பதி முகாமிலிருந்து ஒரு மீனவர் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். புதன்கிழமை தோணி கொடுக்கும் நாள்.

“மகள், லிஸ்ட்டில நான் இல்லையாம். கடல் விட்டுட்டுப் போனவனைக் கம்பியூட்டர் கொண்டு போயிற்றா?”

எனக்குச் சுருக்கென்றது. உடனே கொழும்புக்குப் போன் அடித்தேன்.

“ஒரே ஆளைப் பதினேழு தரம் பதிஞ்சிருக்கிறீங்க,” என்றார் அங்கிருந்த அலுவலர். “எல்லாத்துக்கும் ஒரே போன் நம்பர். சிஸ்டம் ஒண்டாச் சேர்த்திட்டுது. மிச்சத் தோணியெல்லாம் வேற ஊருக்கு.”

அது முகாம் வாசலில் இருந்த தொலைபேசிக் கடையின் எண். வீடே இல்லாதவர்களிடம் போன் எங்கே இருக்கும்? யார் கேட்டாலும் அந்த எண்ணைத்தான் கொடுப்பார்கள். கடைக்கார அக்கா கூப்பிட்டு விடுவார்.

என் கணினியின் இணைப்பு இரண்டு நாளாகச் செத்துக் கிடந்தது. அதை நான் திட்டாத திட்டில்லை. ஆனால் அதனால்தான் கொழும்பு செய்த கூத்து என்னிடம் வந்து சேரவில்லை. என் கணினியில் பதினேழு பேரும் பத்திரமாக இருந்தார்கள். சிஸ்டம் திரும்பவும் ஒன்றாக்காமல் இருக்கக் கடை எண்ணைக் குறிப்புப் பகுதிக்கு மாற்றினேன். இரண்டு பக்கமும் முரண்பட்டால் என் கணினியில் உள்ளதே செல்லும் என்று அமைத்தேன். பக்கத்து மேசையின் இணைப்புக் கம்பியைப் பிடுங்கி என் கணினியில் மாட்டி அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் கொழும்பு கூப்பிட்டது. “திரும்பவும் பதினேழா? அழிக்கப் போறன்.”

“அழியுங்க சேர். அதுக்கு முதல் அந்த நம்பருக்கு அடிச்சு, ஒவ்வொரு பேராக் கேளுங்க.”

இன்னொரு போனில் அடித்தார். எனக்கும் கேட்டது. தோணி இல்லாதவர்கள் எங்கே போவார்கள், எல்லாரும் முகாமில்தான். அக்கா பேரைக் கூவக் கூவ, ஒவ்வொருவராக வந்து “ஓம், நான்தான்” என்றார்கள். ஐந்தாவது ஆளோடு அலுவலர், “சரி, போதும்” என்றார். விடுவேனா?

“பதினேழும் கேளுங்க சேர்.”

எனக்கு ஏறிய சந்தோஷம் கொஞ்சமல்ல. பதினாறு பேர் பேசி முடித்தார்கள். கடைசிப் பேருக்கு அக்கா, “அவர் இஞ்ச இல்ல. தன்ட பேரைத் தேடிக் கந்தோருக்குப் போயிற்றார்” என்றார்.

என் மேசைக்கு முன்னால் நின்றவரிடம் ரிசீவரை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார்.

“நான் இஞ்ச இருக்கன், ஐயா,” என்றார்.

புதன்கிழமை பதினேழு தோணியும் ஆரையம்பதியில் வந்து இறங்கின.